உதவி செய்தவரை மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு என்டிஐஎஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஆஸ்திரேலிய அரசின் உதவித் திட்டம்) விண்ணப்பத்தை நிரப்பி, அறிக்கைகளைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் கூடவே நின்றவர் கோயிலில் பழக்கமான ஓர் அண்ணா. மகனுக்கு உதவ வரும் சப்போர்ட் வொர்க்கர், உதவிகளை ஏற்பாடு செய்யும் கோஆர்டினேட்டர், பணக் கணக்கைப் பார்க்கும் பிளான் மேனேஜர் எல்லாம் அவருடைய நிறுவனம்தான். இப்போது வரும் வொர்க்கர் அரை மணி தாமதமாக வருகிறார். மகனைக் காரில் உட்கார வைத்துவிட்டுப் போனிலேயே இருக்கிறார். கிளம்பும்போது அவசரப்படுத்துவதால் மகன் தலையில் அடித்துக்கொள்கிறான். மூன்று மாதப் பணம் இரண்டாவது மாதமே தீர்ந்துவிட்டது என்கிறார்கள். எதற்குப் போனது என்று கேட்டால், "கவலைப்படாதீங்க அக்கா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று பதில். மைகவ் (அரசு சேவைகளுக்கான இணையக் கணக்கு) பாஸ்வேர்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. மாற்றிவிடலாமா என்றால், "ஏறின ஏணியை எட்டி உதைக்கிறதா?" என்கிறார் கணவர். என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைக்கிறேன். நான் இங்கே எட்டு வருடமாக சப்போர்ட் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். நம் குடும்பங்கள் சரியில்லாத சேவையை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். ஆங்கிலம் வராததாலும் விதி புரியாததாலும் அப்படி இருப்பவர்கள் கொஞ்சம் பேர். "நாளைக்கு அவங்க முகத்தில எப்படி முழிக்கிறது" என்ற சங்கடத்தால் இருப்பவர்கள்தான் அதிகம்.

அந்த அண்ணா அன்று செய்தது உண்மையான உதவி. முதல் விண்ணப்பம் எவ்வளவு அலைச்சல் என்று எனக்குத் தெரியும். அதற்கு நன்றி காட்ட வழியா இல்லை? வீட்டு விசேஷத்துக்கு முதல் அழைப்பு அவருக்கே போகட்டும். ஆனால் அதற்குப் பின் அவருடைய நிறுவனம் செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உங்கள் மகனின் பிளானிலிருந்து, அதாவது அவனுக்கென்று என்டிஐஎஸ் ஒதுக்கிய தொகையிலிருந்து, பணம் போயிருக்கிறது. நீங்கள் பட்ட நன்றிக்கடனை மகனுடைய பணத்திலிருந்து தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தத் திட்டம் வந்ததே இதற்காகத்தான். முன்பெல்லாம் அரசு பணத்தை நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும். அவர்கள் தருவதை, தரும் நேரத்தில், தருகிறபடி வாங்கிக்கொள்ள வேண்டும். 2013-இல் என்டிஐஎஸ் சட்டம் வந்தபோது பணம் ஆளின் பெயருக்கு வந்தது. யாரிடம், என்ன உதவி, எப்படி என்பதைத் தெரிவு செய்யும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நீங்கள் ஆளை மாற்றினால் விதியை மீறுவதாக ஆகாது. அந்தச் சட்டம் எதிர்பார்ப்பதைத்தான் செய்கிறீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

எல்லாவற்றுக்கும் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இன்றிரவே. மைகவ் என்பது என்டிஐஎஸ்க்கு மட்டுமான கதவு இல்லை. சென்டர்லிங்க் உதவித்தொகை, மெடிகேர் மருத்துவக் காப்பீடு, வரி எல்லாம் அந்த ஒரே கதவுக்குள்தான் இருக்கின்றன. எந்த நிறுவனத்துக்கும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தச் சாவி தேவையில்லை. பிளானைப் பார்க்கவோ பணம் கோரவோ அவர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. மாற்றியதை முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். யாராவது கேட்டால், "பாதுகாப்புக்காக மாத்தினோம்" என்றால் போதும்.

அடுத்தது பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று. 18 வயது வரை நீங்கள் அவனுடைய பெற்றோர் என்ற முறையில் எல்லாம் பேசியிருப்பீர்கள், கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 18 முடிந்த நாளோடு அந்த அதிகாரம் தானாக முடிந்துவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அவன் இப்போது தனி ஆள். அவன் சார்பில் முடிவெடுக்க வேண்டுமென்றால், திட்டத்தை நடத்தும் அரசு ஏஜென்சியான என்டிஐஏ உங்களை 'பிளான் நாமினி'யாக நியமிக்க வேண்டும். 19 வயதில் இது நடந்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. நடக்காமல் இருந்தால், "இது உங்க மகனோட விஷயம், அவரிடம்தான் பேசணும்" என்று சொல்லி யார் வேண்டுமானாலும் உங்களைத் திருப்பி அனுப்பலாம். 1800 800 110 என்ற எண்ணில் என்டிஐஎஸ்ஸை அழைத்துக் கேளுங்கள். தமிழில் பேச வேண்டுமா, முதலில் 131 450-க்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளருடன் என்டிஐஎஸ்க்கு இணைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை. இதற்காக நீதிமன்றம் மாதிரியான ட்ரிப்யூனலுக்குப் போய்க் கார்டியன் (சட்டப்படியான பாதுகாவலர்) ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு நாமினி போதும். நாமினி ஆனதும் உங்கள் சொந்த மைகவ் கணக்கு வழியாகவே அவனுடைய பிளானைத் திறந்து பார்க்கலாம்.

நாமினி என்றால் அவனை விட்டுவிட்டு நீங்களே எல்லாம் முடிவெடுப்பது என்று அர்த்தமில்லை. வொர்க்கர்களின் போட்டோக்களை மேசையில் வைத்து, யாரோடு போக விருப்பம் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளைகள்கூட ஒரு போட்டோவைக் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணக்கு. இது கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு ஞாயிறு மதியம் நீங்களும் கணவரும் சேர்ந்து உட்காருங்கள். அவர் உட்காருவது முக்கியம். மைகவ் வழியாகத் திறக்கும் என்டிஐஎஸ் போர்ட்டலில் இதுவரை கோரப்பட்ட பணத்தின் பட்டியல் இருக்கும். ஆனால் அதில் எல்லா விவரமும் தெரியாமல் போகலாம். பிளான் மேனேஜரிடம் கடந்த மூன்று மாத இன்வாய்ஸ்கள் அத்தனையும் வேண்டும் என்று ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். தர மறுக்க அவர்களுக்கு வழியில்லை. அது உங்கள் மகனின் கணக்கு.

இன்வாய்ஸ் வந்ததும் சமையலறைக் காலண்டரையோ உங்கள் போனில் உள்ள செய்திகளையோ பக்கத்தில் வைத்து, தேதி தேதியாக ஒத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தோடு நான் இப்படி உட்கார்ந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை வரியில் அந்த அம்மாவின் விரல் நின்றுவிட்டது. "வெளியே அழைத்துச் சென்றது, 4 மணி நேரம்" என்று இருந்தது. அன்று மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். டாக்டரின் ரசீது அந்த அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. அதன் பிறகு அவர் யாரிடமும் கேட்கத் தயங்கவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது தாமதமான அரை மணிகளைத்தான். 2025-26 விலைப்பட்டியலில் சாதாரண வார நாள் பகலில் ஒரு சப்போர்ட் வொர்க்கருக்கு மணிக்கு அதிகபட்சம் 70.23 டாலர் வாங்கலாம். நாலு மணிக்கு வர வேண்டியவர் நாலரைக்கு வந்து, நாலிலிருந்து கணக்கு எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் சுமார் 35 டாலர் செய்யாத வேலைக்குப் போயிருக்கிறது. அடுத்து, ஞாயிற்றுக்கிழமைகள். அன்று அதே வேலைக்கு உச்ச விலை 127.43 டாலர். ஐந்து மணி நேரம் வார நாளில் 351.15 டாலர், ஞாயிறு என்றால் 637.15. வாரத்துக்கு 286 டாலர் வித்தியாசம். 13 வாரத்தில் 3,718 டாலர். மகனுக்கு ஞாயிறன்றுதான் போக வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் சரி, அது அவன் வாழ்க்கை. நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கிற நாள் என்பதற்காக ஞாயிறு போட்டிருந்தால், அதைப் புதன்கிழமைக்கு மாற்றுங்கள். பணம் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்பதற்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடலாம்.

மீதிப் பாதி, போன் அழைப்புகள். அதே பட்டியல்படி கோஆர்டினேட்டரின் நேரத்துக்கு மணிக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல் வாங்கலாம். "நாங்க பார்த்துக்கிறோம் அக்கா" என்ற அழைப்புக்கும் அந்தக் கணக்கில் நிமிடம் ஓடியிருக்கலாம். வொர்க்கரின் பயண நேரம், கிலோமீட்டர் கட்டணம் இரண்டும் அப்படித்தான். நீங்கள் ஒப்பந்தத்தில் சம்மதித்திருந்தால் மட்டுமே அதை வாங்க முடியும்.

மூன்று மாதப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 மே 19-க்குப் பிறகு வந்த பிளான்களில் மொத்தத் தொகையையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பகுதி பகுதியாக விடுகிறார்கள். ஒரு பகுதியில் மிஞ்சியது அதே பிளானின் அடுத்த பகுதிக்குப் போகும். முன்னாலேயே தீர்ந்துவிட்டால் ஏஜென்சி தானாக நிரப்பித் தராது. ஆகவே இதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியது பிளான் மேனேஜரின் வேலை. மாதாமாதம் கணக்கு அறிக்கை அனுப்ப வேண்டியதும், வேகம் அதிகமாக இருக்கிறது என்று முதல் மாதமே எச்சரிக்க வேண்டியதும் அவர்தான். உங்களை யாரும் எச்சரிக்கவில்லை. ஏன் என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. செலவழிப்பதும் செலவைக் கண்காணிப்பதும் ஒரே நிறுவனமாக இருக்கும்போது, யார் யாரை எச்சரிப்பது?

ஒரே நிறுவனம் மூன்றையும் செய்வது இன்றைக்குத் தடைசெய்யப்பட்டது அல்ல. ஆனால் அதில் இருக்கும் நலன் மோதலை அவர்கள் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். வேறு நிறுவனங்களின் பெயர்களையும் முன்வைத்து, உங்களைத் தெரிவு செய்ய விட்டிருக்க வேண்டும். கோஆர்டினேட்டர் என்பவர் உங்கள் பக்கம் நின்று சந்தையைப் பார்ப்பவர். தன் சம்பளமே அந்த நிறுவனத்திலிருந்து வரும்போது, "இந்த வொர்க்கர் சரியில்லை, வேறு இடம் பாருங்கள்" என்று அவர் எப்படிச் சொல்வார்? இந்த இடத்தில் என் கருத்து உறுதியானது. மூன்றையும் ஒரே கையில் கொடுக்கவே கூடாது. அந்த அண்ணாவிடம் ஏதாவது ஒன்றை விட்டுவைக்க வேண்டும் என்று உங்கள் கணவர் விரும்பினால், நல்ல வொர்க்கர் ஒருவரை அவர் தர முடிகிறதா என்று பார்த்து, அதை மட்டும் விடுங்கள். கணக்கும் ஒருங்கிணைப்பும் வெளியே போகட்டும்.

ஆகவே முதலில் பிளான் மேனேஜரை மாற்றுங்கள். இருப்பதிலேயே சுலபமானது அதுதான், முகத்தில் முழிக்கும் சங்கடமும் குறைவு. பிளான் மேனேஜருக்கான கட்டணம் பிளானில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும், மகனின் மற்ற உதவிப் பணத்திலிருந்து கழியாது. புதியவரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: எந்த இன்வாய்ஸும் நீங்கள் சரி என்று சொன்ன பிறகே பணமாகப் போக வேண்டும். பலர் இதற்குப் போனிலேயே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். பழகிய பிறகு, கணக்கு எழுதுவதில் கணவருக்கு ஆர்வம் இருந்தால், பிளான் பணத்தை நீங்களே நிர்வகிக்கும் முறைக்கும் கேட்கலாம். அதில் விலை உச்சவரம்பு உங்களைக் கட்டாது, ஆளைத் தெரிவு செய்வதில் சுதந்திரமும் அதிகம். பதிலுக்கு ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு அது வேண்டாம், உங்கள் தலையில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தேட வேண்டியது இரண்டே விஷயம்: விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, ரத்து செய்தால் எவ்வளவு கட்டணம். இரண்டு முதல் நாலு வாரம் என்று இருந்தால் வழக்கமானதுதான். மூன்று மாதம், ஆறு மாதம் என்று போட்டிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். இந்த நாட்டின் நுகர்வோர் சட்டம் என்டிஐஎஸ் ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும்.

விலகல் கடிதம் நீளமாக எழுத வேண்டாம். காரணம் சொல்லும் கட்டாயமும் இல்லை. "எங்கள் மகனுக்கான சேவையை ஒப்பந்தப்படி இன்ன தேதியோடு முடித்துக்கொள்கிறோம். அதற்குப் பின் அவன் பெயரில் எந்தக் கோரிக்கையும் வேண்டாம். இதுவரையான குறிப்புகளையும் அறிக்கைகளையும் அனுப்பிவையுங்கள். இத்தனை நாள் செய்த உதவிக்கு நன்றி." இவ்வளவு போதும். எழுத்தில் அனுப்பிய பிறகு, கணவர் போய் நேரில் ஒரு வார்த்தை சொல்லட்டும். வரிசை மாறக்கூடாது: முதலில் எழுத்து, பிறகு பேச்சு. பேச்சை முதலில் வைத்தால் அந்தக் கடிதம் போகவே போகாது என்பது என் அனுபவம்.

குறிப்புகளை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் வொர்க்கர் எழுதும் குறிப்புதான் அடுத்த பிளானுக்கு ஆதாரம். "நன்றாக இருந்தான்" என்று முப்பது நாளும் ஒரே வரி இருந்தால், பார்ப்பவர்களுக்கு அவனுக்கு உதவியே தேவையில்லை என்றுதான் தோன்றும். தலையில் அடித்துக்கொள்வது எந்த நாளில், எதற்கு முன், எவ்வளவு நேரம் என்று இன்றிலிருந்து நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேவை உண்மையிலேயே கூடியிருந்தால், நிலைமை மாறியது என்று சொல்லிப் பிளானை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். பிளானில் தந்ததே போதாது என்றால், முடிவு வந்த மூன்று மாதத்துக்குள் ஏஜென்சியிடமே உள் மறுஆய்வு கேட்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். வீட்டிலேயே எல்லாம் சமாளிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வது நம் பழக்கம். பிளானைப் பற்றிப் பேசும் மேசையில் மட்டும் அந்தப் பெருமை வேண்டாம். இரவு எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

புதிய ஆளைத் தேடும்போது நிறுவனத்தின் வலைதளத்தைவிட வரப்போகும் ஆளைப் பாருங்கள். பிளான் மேனேஜர் வழியாக நிர்வகிக்கும்போது, பதிவு பெறாத சிறு நிறுவனங்களையும் தனி ஆட்களையும் கூட எடுக்கலாம். ஏஜென்சியே நிர்வகித்தால் பதிவு பெற்றவர்கள் மட்டும்தான். பதிவு பெற்றிருந்தாலும் பெறாவிட்டாலும் நடத்தை விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. என்டிஐஎஸ் வொர்க்கர் ஸ்கிரீனிங் என்ற பின்னணிச் சோதனையை முடித்திருக்கிறாரா என்று கேளுங்கள், அந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல வொர்க்கர்கள் கேட்பதற்கு முன்பே காட்டுவார்கள். முதல் ஆள் வராத நாளில் யார் வருவார் என்று கேளுங்கள். மகன் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலில் மகன் எவ்வளவு வருகிறான், விதிமுறை எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள்.

தமிழ் பேசும் ஆளே வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். "அம்மா வருவா", "கொஞ்சம் பொறு" என்பது புரிந்தால் அமைதியாகும் பிள்ளைக்குத் தமிழ் பெரிய வரம். ஆனால் தமிழ் பேசிக்கொண்டே போனைப் பார்ப்பவரைவிட, பத்துத் தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு அவன் முகத்தைப் பார்ப்பவர் மேல். அந்தப் பத்து வார்த்தையை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

காரில் உட்கார வைத்துவிட்டுப் போனில் இருந்தது தாமதத்தைப் போலச் சிறிய விஷயமில்லை. தனியாகக் காரில் விட்டுப் போயிருந்தாலோ, உடம்பில் காயம் பார்த்திருந்தாலோ, செய்யாத வேலைக்குப் பணம் எடுத்தது உறுதியானாலோ, என்டிஐஎஸ் தர மற்றும் பாதுகாப்பு ஆணையத்திடம் 1800 035 544 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். பெயர் சொல்லாமலும் சொல்லலாம். ஆணையம் அந்த அண்ணாவைத் தெருவில் நிறுத்திவிடும் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் விளக்கம் கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள். அவருடைய மற்ற குடும்பங்களுக்கும் அது நல்லதுதான். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால், உங்கள் கூடவே நின்று இலவசமாகப் பேசும் சுயாதீன அட்வகேட்கள் (வக்கீல்கள் அல்ல) இருக்கிறார்கள். என்டிஐஎஸ்ஸை அழைக்கும்போதே அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. புதிய வொர்க்கர் வருவதற்கு முன் மகனைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். நோயின் பெயர், சதவீதம் எல்லாம் அறிக்கையில் இருக்கிறது, அது வேண்டாம். உங்கள் கடிதத்தில், கிளம்பும்போது அவசரப்படுத்துவதால் அடித்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விரித்து எழுதுங்கள். எந்த ஷூவை முதலில் போடுவான், லேஸை அவனே இழுக்க வேண்டுமா, கதவை யார் பூட்ட வேண்டும், காரில் எந்தப் பக்கம் உட்காருவான், கிளம்ப மொத்தம் எத்தனை நிமிடம் ஆகும். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் வரச் சொல்லுங்கள், எங்கும் போக வேண்டாம். அந்தத் தாளைப் படித்துவிட்டு, வாசலில் அவன் ஷூ போட்டு முடிக்கும்வரை அந்த ஆள் தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறாரா என்று நீங்கள் உள்ளே நின்று பாருங்கள்.